'கோல்டன் ரிங்' பாட்டில் மோதிரம் ஏன் மறுபடியும் அடகுக் கடைக்கே வருகிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் சேர்ந்து பாடிய 'கோல்டன் ரிங்' (தங்க மோதிரம்) என்ற அமெரிக்க கன்ட்ரி பாட்டுக்கு, அதாவது அந்த நாட்டின் கிராமிய மரபில் வளர்ந்த இசை வகைப் பாட்டுக்கு, என்ன அர்த்தம்? ஒரு ஜோடி பிரியும் கதையை ஏன் ஒரு மோதிரத்தை வைத்துச் சொல்ல வேண்டும்? ஆரம்பித்த கடையிலேயே பாட்டு வந்து முடிவது ஏன்? கடைசியில், இது நம்பிக்கை தரும் பாட்டா, துக்கப் பாட்டா? பல வருடங்களாக நான் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் பாட்டு என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால், ஒரு காதல் வற்றிப்போனதைச் சொல்லும் பாட்டு இது. ஆனால் அது எப்படி வற்றியது என்பதைப் பற்றி இதில் ஒரு சொல்கூடக் கிடையாது. இந்தப் பாட்டின் மேல் எனக்குள்ள மதிப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

கதையை முதலில் பார்த்துவிடலாம். சிகாகோவில் ஓர் அடகுக் கடை. நல்ல வெயில் அடிக்கும் கோடை நாள். பார்வைக்கு வைத்திருக்கும் கல்யாண மோதிரங்களை ஒரு ஜோடி பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவன் ஒன்றைக் காட்டி, இது உனக்கு, பெரிதாக ஒன்றுமில்லை, என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்கிறான். அவள் சிரித்துத் தலையாட்டுகிறாள். அன்று பிற்பகலே ஒரு சின்னக் கல்யாணச் சேப்பல், அதாவது கல்யாணம் நடத்தும் சிறு வழிபாட்டுக் கூடம். பழைய பியானோ ஒன்றில் எல்லோருக்கும் பழக்கமான அந்த மெட்டு. அவள் கன்னத்தில் கண்ணீர், மனசு முழுக்கச் சந்தோஷம். இந்த மோதிரத்தால் உன்னை மணக்கிறேன் என்று அவன் மெல்லச் சொல்கிறான்.

அடுத்த காட்சி இரண்டே அறைகள் கொண்ட ஒரு சின்ன அபார்ட்மென்ட். கடைசிச் சண்டை நடந்துகொண்டிருக்கிறது. நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், ஆனால் ஊரைவிட்டே போகப்போகிறாய் என்று எனக்குத் தெரியும் என்கிறான் அவன். ஒன்று மட்டும் நிச்சயம், எனக்கு உன்மேல் இப்போது காதல் இல்லை என்கிறாள் அவள். மோதிரத்தைக் கீழே எறிந்துவிட்டு வெளியே போய்விடுகிறாள். அப்புறம் மறுபடியும் சிகாகோ, அதே அடகுக் கடை, அதே வெயில், மோதிரங்களைப் பார்த்துக்கொண்டு ஒரு ஜோடி. அவ்வளவுதான் பாட்டு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்று நிமிடம்.

இப்போது இரண்டாவது காட்சிக்கும் மூன்றாவது காட்சிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆறு மாதம் போனதா, பத்து வருடம் போனதா, தெரியாது. அவன் குடித்தானா, அவளுக்கு வேறு யாராவது பழக்கமா, வேலை போனதா, பிள்ளை பிறந்ததா, எதுவும் தெரியாது. கல்யாணத்துக்கும் கடைசிச் சண்டைக்கும் நடுவில் பாட்டில் இருப்பது ஒரு பல்லவி மட்டும்தான். காதல் வற்றியது முழுக்க அந்தப் பல்லவிக்குப் பின்னால், நாம் பார்க்காத இடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. கேட்பவர் தன் வாழ்க்கையிலிருந்தோ, தன் வீட்டில் பார்த்ததிலிருந்தோ எடுத்துத்தான் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ள வேண்டும். காரணம் ஒன்றைச் சொல்லியிருந்தால் பாட்டு அந்தக் காரணத்தைப் பற்றியதாகச் சுருங்கிப்போயிருக்கும். குடியைப் பற்றிய பாட்டு, துரோகத்தைப் பற்றிய பாட்டு என்று ஒதுக்கிவைத்துவிடலாம். இதை அப்படி ஒதுக்க முடிவதில்லை.

நிஜத்திலும் காதல் குறைவது பெரும்பாலும் இப்படித்தான் தெரியவருகிறது. குறைந்துகொண்டிருக்கும்போது யாருக்கும் தெரிவதில்லை. அவளும் சண்டையில் நீ இதைச் செய்தாய், அதைச் செய்தாய் என்று கணக்குப் போடவில்லை. இப்போது காதல் இல்லை என்று மட்டும் சொல்கிறாள்.

சரி, மோதிரத்துக்கு வருவோம். எழுதியவர்கள் பாபி பிராடக்கும் ரேஃப் வான் ஹாயும். ஒரு கைத்துப்பாக்கி ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருக்கும் கதையைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்துதான் பிராடக்குக்கு இந்த யோசனை வந்தது. துப்பாக்கியின் இடத்தில் மோதிரத்தை வைத்தார். இந்தத் தகவல் பாட்டைப் புரிந்துகொள்ள நன்றாக உதவுகிறது. மனிதர்கள் வருவார்கள், போவார்கள், பொருள் மட்டும் அப்படியே இருக்கும் என்ற அமைப்பு அங்கிருந்து வந்தது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. துப்பாக்கிக்கு அதற்கென்று ஒரு சக்தி இருக்கிறது, எவன் கையில் இருந்தாலும் சுடும். மோதிரத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. பல்லவி இதைத்தான் பிடித்துக்கொள்கிறது.

பல்லவி மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் முன்பாதி கொஞ்சம் மாறும். முதல் முறை, குட்டிக் கல் ஒன்று வைத்த அந்தத் தங்க மோதிரம் தன்னை வீட்டுக்குக் கொண்டுபோக யாராவது வருவார்களா என்று காத்திருக்கிறது. இரண்டாம் முறை, ஒருவழியாக அதற்கு ஒரு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாம் முறை, செத்துப்போன காதலைப் போலவே அதுவும் தூக்கிப் போடப்பட்டுவிட்டது. பின்பாதி மட்டும் மூன்று முறையும் சொல் மாறாமல் வரும்: தனியாக இருக்கும்போது அது சில்லிட்ட வெறும் உலோகம், அதைக் கல்யாண மோதிரம் ஆக்குவது காதல் ஒன்றுதான்.

இந்தப் பின்பாதியை எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் தலைகீழாக மாறுகிறது. கடையில் கேட்கும்போது அது ஓர் ஊக்கம். மலிவான மோதிரமாக இருந்தால் என்ன, உங்கள் காதல் இதைத் தங்கமாக்கும் என்பது போல இருக்கிறது. சேப்பலில் கேட்கும்போது வாழ்த்து. அவள் கதவைத் தாண்டிப் போன பிறகு அதே சொற்களைக் கேட்டால், அது மருத்துவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லும் செய்தி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் இதைச் செய்திருக்கிறார்கள். பாட்டெழுத்தில் இதைவிடக் கடினமான வேலை அதிகம் இல்லை என்பேன்.

சில்லிட்ட உலோகம் என்ற சொல்லையும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். தங்கம் வெப்பத்தை வேகமாகக் கடத்தும். அதனால்தான் மேசைமேல் கிடக்கும் மோதிரத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது, நம் விரலின் சூட்டை அது இழுத்துக்கொள்கிறது. விரலில் போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அது இருப்பதே தெரியாது. கழற்றி வைத்தால் சீக்கிரமே பழையபடி சில்லிட்டுப் போகும். எழுதியவர்கள் இதையெல்லாம் யோசித்து எழுதினார்களோ என்னவோ, மோதிரம் போட்ட எல்லோருடைய விரலுக்கும் தெரிந்த விஷயம் இது. மோதிரத்துக்குச் சொந்தச் சூடு இல்லை, போட்டிருப்பவரின் சூடுதான் அதன் சூடு.

அடுத்தது அடகுக் கடை. இங்கே நம் ஆட்கள் ஒன்றைத் தவறவிட வாய்ப்பு இருக்கிறது. அடகுக் கடை என்றதும் நமக்கு நகையைக் கொண்டுபோய் வைப்பதும் வட்டி கட்டுவதும் மீட்பதும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க அடகுக் கடை அதோடு ஒரு விற்பனைக் கடையும்கூட. வைத்தவர் குறித்த காலத்துக்குள் பணம் கட்டி மீட்காவிட்டால் பொருள் கடைக்குச் சொந்தமாகும், கடைக்காரர் அதைக் காட்சிக்கு வைத்து வருகிறவர்களுக்கு விற்பார். மீட்கிற எண்ணமே இல்லாதவர்களிடம் நேரடியாக விலைக்கும் வாங்கிக்கொள்வார். கிதார், வாட்ச், துப்பாக்கி, கல்யாண மோதிரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

இது தெரிந்தால் பாட்டின் முதல் வரியிலேயே ஒரு துக்கம் ஒளிந்திருப்பது புரியும். அந்த ஜோடி பார்க்கும் மோதிரம் புதிது அல்ல. யாரோ ஒருவர் அதை அங்கே கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்திருக்கும், ஒரு மெட்டு வாசித்திருப்பார்கள், ஒரு வீடு இருந்திருக்கும். பாட்டு ஒரு வட்டம் என்று எல்லோரும் கடைசிக் காட்சியை வைத்துச் சொல்கிறார்கள். என் கணக்கில் முதல் வரியே ஒரு வட்டத்தின் நடுவில்தான் தொடங்குகிறது. நாம் பார்க்கும் ஜோடி அந்த மோதிரத்தின் இரண்டாவது ஜோடியோ, மூன்றாவது ஜோடியோ. முதல்முறை கேட்கும்போது இது உறைக்காது. கடைசிக் காட்சியில் அதே வரி திரும்ப வந்ததும்தான் முதல் வரியின் அர்த்தம் பின்னோக்கிப் போய் மாறுகிறது. எனக்கு இது பிடிபட எத்தனையோ முறை கேட்க வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வியையும் பாட்டு விட்டுவிடுகிறது. அவள் மோதிரத்தை எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அப்படியானால் அதைத் தரையிலிருந்து எடுத்தது யார்? கடைக்குக் கொண்டுபோனது யார்? அவனாகத்தான் இருக்க வேண்டும். என்னால் முடிந்தது இவ்வளவுதான் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தவன், குனிந்து அதைத் தேடி எடுத்து, அதே ஊரில் அதே கடைக்கு நடந்து போயிருக்கிறான். அந்த நடையைப் பற்றி பாட்டில் எதுவும் இல்லை. ஆனாலும் நான்காவது காட்சி வரும்போது எனக்கு முதலில் தெரிவது அந்த மனிதன்தான்.

வறுமையும் சொல்லப்படாமல் பாட்டு முழுக்கப் பரவியிருக்கிறது. அடகுக் கடை மோதிரம், வாங்கிய அன்றே கல்யாணம், சின்னச் சேப்பல், பழைய பியானோ, இரண்டு அறை வீடு. உறவுக்காரர் யாரும் வருவதில்லை. அமெரிக்க வழக்கத்தில் பொதுவாக நிச்சய மோதிரத்தில் கல் இருக்கும், கல்யாண மோதிரம் வெறும் வளையமாக இருக்கும். இந்தப் பாட்டில் குட்டிக் கல் வைத்த ஒரே மோதிரம்தான். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றை வாங்கியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அவன் காதில் சொல்லும் மணமொழி 1549-இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பிரார்த்தனைப் புத்தகத்திலிருந்து வழிவழியாக வருவது. அவ்வளவு பழைய, அரசர் வீட்டுக் கல்யாணத்திலும் சொல்லும் வார்த்தையை, அன்றுதான் அடகுக் கடையில் நின்றவன் சொல்கிறான். அந்த நிமிடத்தில் அது முழு உண்மை. பாட்டு அதைக் கேலி செய்யவில்லை என்பது முக்கியம்.

பணம் இல்லாததால்தான் பிரிந்தார்கள், இது வறுமைப் பாட்டு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு உடன்பாடில்லை. மலிவு மோதிரம் என்பதைக் குறையாகச் சொல்ல வேண்டும் என்றால் பல்லவி வேறு மாதிரி இருந்திருக்கும். காதல் இருந்தவரை அந்தச் சின்னக் கல் போதும் என்றுதான் அது சொல்கிறது. அதேபோல, ராசியில்லாத மோதிரம், போட்டவர்களை எல்லாம் பிரித்துவிடும் என்று படிப்பவர்களும் உண்டு. அதையும் பல்லவி இடம் கொடுக்காமல் மறுத்துவிடுகிறது. தனியாக அது வெறும் உலோகம். அதற்கு ராசியும் இல்லை, சாபமும் இல்லை.

இனி பாடியவர்கள். இவர்களை விட்டுவிட்டு இந்தப் பாட்டைப் பேசவே முடியாது. டெக்ஸஸின் கிழக்கில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே போமான்ட் ஊர்த் தெருக்களில் சில்லறைக்காகப் பாடியவர் ஜார்ஜ் ஜோன்ஸ். மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்து, அழகு நிலையத்தில் தலைமுடி அலங்காரம் செய்து பிழைத்தவர் டாமி வைனெட். பெரிய நட்சத்திரம் ஆன பிறகும் அந்தத் தொழிலுக்கான உரிமத்தை அவர் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். இரண்டு அறை வீடு என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும்.

1969-இல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். இருவருக்குமே அது மூன்றாவது கல்யாணம். 1972-இல் கல்யாணச் சடங்கையே பாட்டாக்கி, மணமொழிகளைச் சொல்லிச் சேர்ந்து பாடி வெளியிட்டார்கள். ஜார்ஜின் குடி வீட்டைத் தின்றுகொண்டிருந்தது. 1973-இல் டாமி விவாகரத்துக்கு மனுப் போட்டு, பிறகு சமாதானம் ஆகி, நாம் விடாமல் பிடித்துக்கொள்வோம் என்ற பொருளில் இருவரும் பாடிய பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதல் இடத்துக்குப் போனது. பிடித்துக்கொள்ள முடியவில்லை. 1975 மார்ச்சில் விவாகரத்து ஆகிவிட்டது. 'கோல்டன் ரிங்' வந்தது 1976-இல். அதாவது முன்னாள் கணவனும் முன்னாள் மனைவியுமாக அவர்கள் ஸ்டுடியோவில் நின்று இதைப் பாடினார்கள். தயாரிப்பு பில்லி ஷெரில். அந்த ஆகஸ்டில் இதுவும் பில்போர்டு என்ற அமெரிக்க இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் முதல் இடம் பிடித்தது.

இந்த மூன்று பாட்டுகளையும் வரிசையாகக் கேளுங்கள். சடங்கு, பிடித்துக்கொள்வோம் என்ற உறுதி, எறியப்பட்ட மோதிரம். ஒரு தம்பதியின் காதல் குறைந்துகொண்டே வந்தது அவர்களுடைய இசைத்தட்டுகளிலேயே பதிவாகிக் கிடக்கிறது. 'கோல்டன் ரிங்'கில் சொல்லாமல் விட்ட அந்த இடைவெளி, அன்று ரேடியோவில் கேட்டவர்களுக்குக் காலியாக இருந்திருக்காது. பாடுபவர்களின் கதை பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது, இடைவெளியில் அதைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள்.

மூன்றாவது காட்சியில் அவன் பேசும் வரியை ஜார்ஜ் பாடுகிறார், எனக்குக் காதல் இல்லை என்ற அவளுடைய வரியை டாமி பாடுகிறார். அங்கே டாமியின் குரலைக் கவனியுங்கள். அழுகையைக் குரலில் வரவழைப்பதில் அவருக்கு இணை கிடையாது, ஆனால் இந்த இடத்தில் அழுவதில்லை. முடிவெடுத்துவிட்ட பெண்ணின் குரல் அது. அப்புறம் உடனே பல்லவியில் இருவர் குரலும் மறுபடி ஒன்றோடு ஒன்று பொருந்திக்கொள்கின்றன. பிரிந்துவிட்டோம் என்ற செய்தியைப் பிரியாத குரல்களில் சொல்கிறார்கள். மெட்டும் சோகப் பாட்டுக்கான இழுவையில் இல்லை, தேவாலயத்தில் கூட்டமாகப் பாடும் பாட்டின் துள்ளல் அதில் இருக்கிறது. அதனால்தான் முதலில் கேட்பவர்கள் இதைக் கல்யாணப் பாட்டு என்றே நினைத்துவிடுகிறார்கள்.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யார் தப்பு என்று நிரூபிக்காமலே விவாகரத்து பெறலாம் என்ற சட்டம் கலிஃபோர்னியாவில் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாக அந்த வழிக்கு வந்தன. 1975-இல் அமெரிக்காவில் ஒரே வருடத்து விவாகரத்துகள் முதன்முறையாக 10 லட்சத்தைத் தாண்டின. காதல் இல்லை என்பதே பிரிவதற்குப் போதுமான காரணமாகிவிட்ட காலத்தில் இந்தப் பாட்டு வருகிறது, அவளும் அந்தக் காரணத்தை மட்டும்தான் சொல்கிறாள்.

பொருட்களை வைத்து மனசைச் சொல்வது கன்ட்ரி இசையில் புதிது இல்லை. ஜார்ஜ் ஜோன்ஸே 1974-இல் 'தி கிராண்ட் டூர்' பாட்டில், மனைவி விட்டுப்போன வீட்டை ஒவ்வொரு அறையாக நமக்குச் சுற்றிக் காட்டுவார். அவள் மோதிரங்களும் உடுப்புகளும் அங்கேயே கிடக்கும். அதில் பேசுகிறவன் இழந்தவன், ஒவ்வொரு பொருளும் அவனைக் குத்துகிறது. 'கோல்டன் ரிங்'கில் பேசுவது யாரும் இல்லை. கடையில் மோதிரம் இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும் ஒரு கண், அவ்வளவுதான். அது யார் பக்கமும் சேருவதில்லை. அவன் கெட்டவன் என்றோ அவள் கல்நெஞ்சக்காரி என்றோ சொல்வதில்லை. பிரிந்த இரண்டு பேரும் அருகருகே நின்று பாட முடிந்ததற்கு அந்த நடுநிலையும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி: நம்பிக்கையா, துக்கமா? பாட்டு முதல் இடத்தில் இருந்த அதே கோடையில் டாமி வேறு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார், அது சில வாரங்கள்தான் நிலைத்தது. 1978-இல் மறுபடியும் கல்யாணம், இந்த முறை ஜார்ஜ் ரிச்சியோடு. நான் மேலே சொன்ன 'தி கிராண்ட் டூர்' பாட்டை எழுதிய மூவரில் அவரும் ஒருவர். ஜார்ஜ் ஜோன்ஸ் 1983-இல் கல்யாணம் செய்துகொண்ட மனைவியோடு 2013-இல் இறக்கும்வரை வாழ்ந்தார். 1995-இல் ஜார்ஜும் டாமியும் சேர்ந்து இன்னொரு ஆல்பம் பாடினார்கள். மூன்று வருடம் கழித்து டாமி இறந்துபோனார். இவர்களைப் பார்த்தால், மோதிரம் சில்லிட்டுப் போகும் என்று தெரிந்தும் மனிதர்கள் மறுபடி கடைக்கு வருவார்கள் என்றுதான் தெரிகிறது. அதை நம்பிக்கை என்பவர்களோடும் நான் சண்டை போட மாட்டேன், துக்கம் என்பவர்களோடும் சண்டை போட மாட்டேன்.

கடைசிக் காட்சியில் நிற்பது அதே ஜோடியா என்றும் சிலர் கேட்பார்கள். வேறு ஜோடி என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். சொற்கள் முதல் காட்சியின் சொற்களேதான், ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். முதல் காட்சிக்கு நான்கு வரிகள் இருந்தன, கடைசிக் காட்சிக்கு அதில் முதல் இரண்டு மட்டும்தான். ஜோடி மோதிரங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவன் இன்னும் எதையும் சுட்டிக்காட்டவில்லை, அவள் இன்னும் தலையாட்டவில்லை. அங்கே தங்க மோதிரம் என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் பாட்டு நின்றுவிடுகிறது.